ஜூலையில் போகி

இப்போது ஒலிபெருக்கியில் என்ன சொன்னார்கள் சார்? சிங்கப்பூர் விமானத்தைப் பற்றியா? என் காதில் "முனுசாமி" என்று விழுந்த மாதிரி இருந்தது. முனுசாமி என் அப்பா. இந்த ஊர்க்காரர்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு அப்பா பெயரைச் சொல்லித்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள். அவர் செத்து நாற்பது வருஷம் ஆகிறது. என் பெயர் அருணகிரி. செய்யாறு பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவன்.

இல்லையா? சரி, நீங்கள் சொன்னால் சரி. உங்கள் நெற்றியில் திருநீற்றைப் பார்த்துத்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன். விமானம் ஏறும்வரை எனக்காகவும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருங்கள். எனக்கும் இங்கிலீஷ் வரும், டெப்போ இங்கிலீஷ். ஆள் எதிரே நின்று பேசினால் பிடித்துக்கொள்வேன். கூரையிலிருந்து பேசினால் பிடிபடாது.

அந்தத் துப்பாக்கிப் போலீஸ்காரர் இரண்டு தடவை இந்தப் பக்கம் நடந்துவிட்டார், கவனித்தீர்களா? வேண்டாம், திரும்பிப் பார்க்காதீர்கள். நாம் பேசிக்கொண்டிருப்போம். பேசிக்கொண்டிருக்கிறவர்களை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

பயமா? எனக்கென்ன பயம்?

என் குறையெல்லாம் என் மகள்மேல்தான் சார். மங்கை என்று பெயர். ஒரே பெண். இந்த மெல்போர்னிலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர், அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளை இளவழகன் பால் தொழிற்சாலையில் இன்ஜினியர். என் மனைவி குணவதி தவறிப்போய் வருஷம் திரும்பியதும், "தனியா என்ன பண்ணப்போறீங்க, சித்திரை வரைக்கும் வந்து இருங்கப்பா" என்று அவள்தான் அழைத்தாள். டிக்கெட்டும் அவள்தான் எடுத்தாள். இன்றைக்குத் தை மாதம் இருபத்திரண்டு. சித்திரை எங்கே, தை எங்கே? ஒரு பழைய பாய்க்காக என்னை ஊருக்கு அனுப்புகிறாள். கிழிந்த கோரைப்பாய். அதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

சொல்கிறேன், கேளுங்கள்.

நான் கையோடு தினசரிக் காலண்டர் கொண்டுபோயிருந்தேன். முப்பத்தோரு வருஷம் டைம்கீப்பர், காலண்டரும் கடிகாரமும் இல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். காலையில் எழுந்ததும் தாளைக் கிழிப்பேன். தாளில் மார்கழி என்று போட்டிருக்கும். கதவைத் திறந்தால் வெளியே கத்தரி வெயில். மார்கழி என்றால் நமக்கு என்ன சார்? பனி. தலையில் மப்ளர். வாடைக்காற்று. வடக்கிலிருந்து வருகிற காற்று நமக்குப் போர்வையைத் தேடவைக்கும். அங்கே வடக்கிலிருந்து வந்தால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கிறது. பூமியில் நாம் மேல்பக்கம், அவர்கள் கீழ்ப்பக்கம், அதனால் நமக்குக் குளிர் என்றால் அவர்களுக்கு வெயில் என்று மாப்பிள்ளை ஒரு சாத்துக்குடியை வைத்துக்கொண்டு விளக்கினார். புரிந்தது. பழக்கத்துக்கு வரவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. என்ன கூத்து என்கிறீர்கள். நாற்பது டிகிரி வெயிலில் கடைக் கண்ணாடியில் பஞ்சை ஒட்டிப் பனி என்கிறார்கள். கம்பளிச் சட்டையும் தாடியும் போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா வியர்வையில் ஊறிப்போய் ஒரு நாற்காலியில் சாய்ந்துகிடக்கிறார், ஒரு அம்மா அவருக்கு விசிறுகிறாள். நான் சிரித்த சிரிப்பில் மங்கை என் கையைக் கிள்ளினாள். "எந்தக் காலத்துலயோ குளிர் தேசத்துலேருந்து கொண்டுவந்தது, விடமாட்டேங்கிறாங்கப்பா" என்றாள். "இடத்துக்குத் தக்கபடி மாத்திக்கத் தெரியாத ஜனங்க" என்றேன் நான். கோலினிடமும் சொன்னேன்.

கோலின் பக்கத்து வீட்டுக்காரர். எழுபத்து மூன்று வயது, என்னைவிட ஒன்று கூட. அவருக்கும் மனைவி இல்லை. அரை டிரவுசரோடு திரிவார். முப்பது வருஷமாக ஊர்த் தீயணைப்புக் குழுவில் சம்பளம் வாங்காமல் உழைத்தவர். சாயங்காலம் நான் நடக்கக் கிளம்பினால் அவரும் கூட வருவார், ஓடைவரை போய்த் திரும்புவோம். என் இங்கிலீஷ் அவருக்குப் புரிந்தது, அவர் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரிந்தது, போதாதா? பஞ்சுப் பனியைப் பற்றி நான் சொன்னதற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதனால்தான் நாங்கள் சில பேர் ஜூலையில் இன்னொரு கிறிஸ்துமஸ் வைத்துக்கொள்கிறோம், அப்போதுதான் இங்கே குளிர்" என்றார். பிறகு, "உங்களுக்கு என்ன பண்டிகை?" என்று கேட்டார். போகியைச் சொன்னேன். மார்கழி கடைசி நாள், பழையதையெல்லாம் விடியற்காலையில் போட்டுக் கொளுத்துவோம் என்று.

அவர் நடப்பதை நிறுத்திவிட்டார். "ஜனவரியிலா?" என்றார். "இங்கே வேண்டாம் நண்பரே. ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள். நானே விறகு தருகிறேன், குழுவிடம் அனுமதியும் வாங்கித் தருகிறேன்."

ஜூலை என்றால் ஆடி சார். ஆடி மாதத்தில் யாராவது போகி கொளுத்துவார்களா? தை பிறப்பதற்கு முதல்நாள் கொளுத்தினால்தானே அது போகி? சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனாலும் மனசில் தைத்தது. நம் பண்டிகைக்கு இவர் நாள் குறிக்கிறார் பார் என்று.

போன வருஷம் வீட்டில் துக்கம், போகியும் இல்லை, பொங்கலும் இல்லை. அதற்கு முந்தின வருஷம் குணவதிதான் முன்னால் நின்று கொளுத்தினாள். "பழசை வெச்சிக்கிட்டிருந்தா புதுசு எப்படிய்யா உள்ள வரும்" என்று என்னுடைய டெப்போ சட்டையைத் தூக்கிப் போட்டாள், நல்ல சட்டை. அப்படியிருக்க, இந்த வருஷமும் விட்டுவிடலாமா?

போகிக்கு முதல்நாள் மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்ததும் சொன்னார். "மாமா, நாளைக்கு நாப்பத்து நாலு டிகிரி, காத்து வேற. வெளியில தீப்பெட்டியே உரசக்கூடாது. கவர்மென்ட் உத்தரவு." ஊர் முனையில் அரைவட்டமாக ஒரு போர்டு இருக்கிறது, நெருப்பு அபாயத்தைக் காட்டுவது. அதில் முள் கடைசி நிறத்துக்குப் போயிருந்ததை நானும் பார்த்தேன். தலையாட்டினேன். அவர் நெருப்பைப் பற்றிச் சொன்னார். வெள்ளைக்காரர்கள் தோட்டத்தில் இறைச்சி சுடுவார்களே, அந்த மாதிரி நெருப்பு. போகி எப்படி நெருப்பாகும்? அது சாங்கியம்.

சார், அந்த அறிவிப்பு? கழிவறையைப் பற்றியா? சரி, சரி.

எங்கே விட்டேன்? விடியற்காலை. ஐந்தேமுக்கால். மங்கை டியூட்டி முடிந்து வந்து தூங்குகிறாள். மாப்பிள்ளை அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிப் போனார். வண்டி நிறுத்துகிற கொட்டகையில் அந்தக் கோரைப்பாய் சுருட்டிக் கிடந்தது. மங்கை கல்யாணமாகி வரும்போது குணவதி கொடுத்தனுப்பியது, சிவப்பு ஓரம் வைத்த பாய். நடுவில் நைந்து ஓட்டை. எலி கடித்ததோ என்னவோ. கொளுத்துவதற்கு இதைவிட நல்ல பழசு எது? பின்பக்க வேலியோரம் கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுபோனேன். குறித்துக்கொள்ளுங்கள் சார், வாளித் தண்ணீர். பொறுப்பில்லாத ஆள் தண்ணீர் எடுத்துப்போவானா?

ஊரில் என்றால் பாய் பனியில் நனைந்திருக்கும், மண்ணெண்ணெய் ஊற்றினாலும் புகைந்துகொண்டுதான் பிடிக்கும். அங்கே ஒரே குச்சி. பஞ்சைக் கொளுத்திய மாதிரி ஒரு சத்தம், என் புருவம் பொசுங்கிவிட்டது. இரண்டு நிமிஷம் இருக்காது, பாய் இல்லை. தண்ணீரை ஊற்றினேன். புஸ்ஸென்று அடங்கியது. கறுப்பாகிவிட்டது. முழு வாளியையும் ஊற்றவில்லை, பாதி. அங்கே மழைத்தண்ணீர்தான், தொட்டியில் பிடித்து வைத்தது, மங்கை சொட்டுச் சொட்டாகப் பார்த்துச் செலவழிப்பாள். மீதிப் பாதியைப் பூந்தொட்டியில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். அது வாடிப்போயிருந்தது. ஊரில் போகிச் சாம்பல் மத்தியானம்வரை கனன்றுகொண்டு கிடக்கும், யார் கவலைப்படுகிறார்கள்? குளித்தேன், காப்பி போட்டுக் குடித்தேன். மனசு லேசாக இருந்தது. குணவதி பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள்.

ஏழு மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் கோலின் புல் வெட்டினார். உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. காய்ந்த புல் நெருப்பைக் கொண்டுவந்துவிடும் என்று வெயில் ஏறுவதற்குள் வேலியோரம் மட்டும் மழித்துவிட்டுப் போனார். கையசைத்தார். நானும் அசைத்தேன்.

பத்து மணிக்கு வடக்கிலிருந்து காற்று.

நான் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன். வேலியோரம் ஒரு சின்னப் புகை. ஊதுவத்தி அளவு. பார்த்துக்கொண்டேதான் நின்றேன் சார். ஓடியிருக்கலாம். கால் எழும்பவில்லை. அடுத்த காற்றில் அது படுத்தது, படுத்தபடியே வேலிக்கு அடியில் புகுந்து கோலின் நிலத்தில் எழுந்து நின்றது. நான் நெருப்பைப் பார்த்திருக்கிறேன், டெப்போவில் ஒரு பஸ் எரிந்திருக்கிறது. இப்படி ஓடுகிற நெருப்பைப் பார்த்ததில்லை. மங்கையை எழுப்பினேன். அவள் என் கையைப் பிடித்துக் காரில் தள்ளினாள். காரில் உட்கார்ந்து நான் சொன்ன ஒரே வார்த்தை, "புல் வெட்டின வண்டி" என்பதுதான். என் வாய் தானாகச் சொன்னது. யாரும் கேட்கக்கூட இல்லை.

நெருப்பை ஓடைக்கரையில் நிறுத்திவிட்டார்கள். ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் கொட்டியது. உயிர்ச்சேதம் இல்லை, சாமி புண்ணியம். எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, காற்று அந்தப் பக்கமாகப் போனதால். கோலினுடைய கொட்டகை போயிற்று, வைக்கோல் போயிற்று, அவர் மனைவி வைத்த வாதுமை மரங்கள் ஒன்பது போயிற்று. குதிரையை வெளியே விடக் கொதிக்கிற இரும்புக் கதவைக் கையால் திறந்திருக்கிறார். இரண்டு உள்ளங்கையும் வெந்துவிட்டது. குதிரை பிழைத்தது.

மறுநாள் மங்கை தனியாக வேலியோரம் போய் நெடுநேரம் நின்றாள். உள்ளே வந்து, "அப்பா, அம்மா குடுத்த பாய் எங்கே?" என்றாள். கையில் ஒரு விரல்கடை சிவப்பு நூல். "நான் பார்க்கலையே" என்றேன். அவள் அப்புறம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. என்னோடு பேச்சும் குறைந்துபோயிற்று. அன்றைக்கே உட்கார்ந்து டிக்கெட்டை மாற்றினாள். கிடைத்தது மூன்று வாரம் கழித்துத்தான். ஒரு பாய் சார். கேட்டிருந்தால் ஊருக்குப் போய் நாலு பாய் வாங்கி அனுப்பமாட்டேனா? தகப்பனைவிடப் பாய் பெரிதாகிவிட்டது.

அதோடு விட்டாளா? மூன்றாம் நாள் போலீஸ்காரி ஒருத்தியும் தீ விசாரணைக்காரர் ஒருத்தரும் வீடு வீடாக வந்தார்கள். கார் சத்தம் கேட்டதும் மங்கை ஓடிவந்து, "அப்பா, போய்ப் படுங்க. போர்வையை இழுத்துப் போத்திக்குங்க. எழுந்திரிக்காதீங்க" என்றாள். முப்பத்தெட்டு டிகிரியில் போர்வை. படுத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் பேசியது அத்தனையும் காதில் விழுந்தது. அப்பாவுக்குக் கால் வராதாம். வந்த நாளிலிருந்து படுக்கையாம். தோட்டத்துப் பக்கமே போனதில்லையாம். ஓடைவரை தினம் நடந்தவன் நான். வேட்டி கட்டிய அப்பா வெளியே வந்து டெப்போ இங்கிலீஷில் உளறினால் கௌரவம் போய்விடும் என்று நினைத்திருப்பாள். வேறு என்ன? போலீஸ்காரி எட்டிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டேன். "பாவம்" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். போர்வைக்குள் என் வேட்டி நனைந்திருந்தது. வியர்வை சார், வியர்வைதான்.

அன்றிலிருந்து தூக்கம் இல்லை. வாசலில் எந்தக் கார் நின்றாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். குற்றம் செய்யாதவனுக்கும் அடித்துக்கொள்ளுமே, இல்லையா? கோலினே புல் வெட்டும் வண்டியின் கத்தி கல்லில் பட்டுப் பொறி பறந்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டார். ஒருவர் தானே ஒப்புக்கொண்ட பிறகு நான் போய் என் பாதி வாளியைப் பற்றிச் சொன்னால் குழப்பம்தானே? அவர் பொறியா, என் சாம்பலா, யார் கண்டது? அடுத்த மாதம் அவர்மேல் விசாரணை. தண்டனை வந்தாலும் வரலாமாம். முப்பது வருஷம் நெருப்பை அணைத்தவர், குழுவிலிருந்து விலகிவிட்டார். கடைத்தெருவில் அவரைப் பார்த்தால் சிலர் எதிர்ப்பக்கம் போகிறார்களாம்.

ஒரு வாரம் கழித்து அவரே வீட்டுக்கு வந்தார். இரண்டு கையும் கட்டு. முழங்கையில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வந்தார், பையில் பீச் பழம். அவருடைய மரங்களில் தப்பிய ஒரே மரத்தின் பழம். மங்கை வேலைக்குப் போயிருந்தாள். நான்தான் கதவைத் திறந்தேன். என் காலை ஒரு தரம் பார்த்தார். நான் படுக்கையில் கிடக்கிறேன் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறாளே, அது ஞாபகம் வந்து எனக்கு உடம்பு கூசியது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டார். என்னிடம். "உங்கள் முதல் கோடை இப்படி ஆகிவிட்டதே" என்றார். விசாரணைக்காரரிடம் எல்லாம் சொல்லிவிட்டாராம். வேலிக்கு உங்கள் பக்கத்திலும் இரண்டு சுற்று நான்தான் வெட்டினேன், முதலில் பற்றிய இடம் அதுதான் என்று காட்டினாராம்.

எங்கள் பக்கம் அவர் வரவே இல்லை சார். நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். வயசாகிவிட்டது, மறதி.

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "அடுத்த தடவை ஜூலையில், சரியா?" என்றார். கொட்டகை எரிந்து, கை வெந்து நிற்கிற மனுஷன் பண்டிகையைப் பற்றிப் பேசுகிறார். மூளை கலங்கியிருக்கும் பாவம் என்று நினைத்துக்கொண்டேன். நான் "சரி" என்றேன். வேறு ஒன்று சொல்ல வாயைத் திறந்தேன். பழத்துக்கு நன்றி சொன்னேன். பழம் குளிர்சாதனப் பெட்டியில் கிடந்து அழுகியது.

ஏன் சார் இப்படிப் பார்க்கிறீர்கள்?

என்ன சொன்னீர்கள்? அவருக்குத் தெரியும் என்றா?

இல்லை இல்லை. தெரிந்திருந்தால் சொல்லாமல் இருப்பாரா? எவனோ வைத்த நெருப்பை யாராவது தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்வார்களா? அதுவும் என்னோடு ஒரு மாதம் நடந்ததற்காகவா? அப்படிப் பார்த்தால் மங்கைக்கும்... அவள் பாய்க்காகக் கோபித்துக்கொண்டிருக்கிறாள். பாய்க்காகத்தான். அவள் கையில் அந்த நூல்...

கொஞ்சம் தண்ணீர் இருக்குமா சார்?

போலீசுக்குப் பயந்தது ஒரு விதம். போய்விடலாம், ஏறி உட்கார்ந்துவிட்டால் தப்பித்தோம் என்று இருந்தது. இப்போது நீங்கள் சொன்னது வேறு விதம். இந்த விமானம் எத்தனை தூரம் பறந்தால் போதும் என்று தெரியவில்லை. நீங்கள் ஏன் சார் அதைச் சொன்னீர்கள்? உங்கள் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாமே.

இதோ, இப்போது. கேட்டதா? முனுசாமி. நிச்சயமாக முனுசாமி. என்ன சொல்கிறார்கள்? சீக்கிரம் சொல்லுங்கள் சார். நான் இருக்கிற இடத்தைத் தெரிவிக்கச் சொல்கிறார்களா?

சக்கர நாற்காலியா?

ஆமாம். அது மங்கை ஏற்பாடு. கீழே சோதனை முடிந்ததும் என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, ஆள் வந்து தள்ளிக்கொண்டு போவார் என்றார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. உட்காரவைத்த பெண் அந்தப் பக்கம் திரும்பியதும் எழுந்து நடந்து வந்துவிட்டேன். முப்பத்தோரு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்த கால் இது. வழியனுப்பும்போதுகூட மங்கை இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னாள். மூன்று வாரத்தில் இன்றைக்குத்தான் என்னைத் தொட்டாள். "யார் கேட்டாலும் கால் வராதுன்னு சொல்லுங்கப்பா. கடைசி வரைக்கும் அப்படியே சொல்லுங்க. எனக்காக." அழுதாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதோ வருகிறார்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெண். கூட அந்தத் துப்பாக்கிக்காரரும் வருகிறார், பாருங்கள். அவரும் தேடியிருக்கிறார். நேரே இங்கேதான் வருகிறார்கள்.

சார், என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்படி இல்லை, தாங்கிப் பிடிக்கிற மாதிரி. நீங்கள்தான் என்னை இங்கே தூக்கிவந்து உட்காரவைத்தீர்கள் என்று சொல்லுங்கள். தயவுசெய்து சொல்லுங்கள். மெதுவாக நாற்காலியில் இறக்குங்கள்.

என்ன கேட்கிறாள் இவள்? சிரித்துக்கொண்டேதான் கேட்கிறாள். எந்தக் கால் என்றா? எந்தக் காலை ஜாக்கிரதையாகத் தூக்கி வைக்கவேண்டும் என்றா?

எந்தக் கால் என்று மங்கையிடம் கேட்டுக்கொள்ளவே இல்லையே சார்.